நான்கு மீட்டருக்குள் ஒரு குடும்பம்
(எளிய பெட்ரோல் குடும்ப வண்டியின் பொறியமைப்பு – ஒரு நோக்கு)

முன்னுரை

‘ஸ்டேஷன் வேகன்’ என்னும் பெயருக்கு நேர்ப்பொருள் கொண்டால் அது ‘நிலைய வண்டி’ என்றாகும். புகைவண்டியில் வந்திறங்கும் விருந்தினரையும் அவர்தம் பெட்டி படுக்கைகளையும் ஒருங்கே ஏற்றி வீடு கொண்டு சேர்ப்பதற்காக அமெரிக்க நாட்டில் எழுந்த வண்டி அது. நம் காரைக்காலிலோ, பேரளத்துக்குச் சென்ற இருப்புப்பாதை 1987இல் மூடப்பெற்ற பின்னர், 2011இல் நாகூர் வழியே அகலப்பாதை வந்து சேரும் வரை, புகைவண்டியே இல்லை. நிலையம் இல்லாத ஊருக்கே நிலைய வண்டியின் தேவை மிகுதி என்பது முரண்போல் தோன்றினும் உண்மையாகும். அக்காலத்தில் மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் சாலை வழியே சென்றுதான் நாம் ரயிலேறினோம். இன்றும் அயல்நாடு செல்வோரை வழியனுப்பவும், வருவோரை அழைத்து வரவும் ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையத்துக்குக் குடும்பத்தோடு செல்கிறோம்.

குடும்ப வண்டியிடம் நாம் மூன்றைக் கேட்கிறோம். வீட்டார் அனைவரும் அமர வேண்டும். அவர்தம் பெட்டிகளும் உடன்வர வேண்டும். விலையோ நடுத்தர வருவாய்க்குள் அடங்க வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே தரும் வண்டி உண்டா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாகச் சென்னையை அடுத்த ஒரகடத்தில் உருவாகி, 2019 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ரெனோ ட்ரைபர் என்னும் பெட்ரோல் வண்டி இங்கே கொள்ளப்பெறுகிறது. இதனை வாங்குக என்று பரிந்துரைப்பதோ, வாங்கற்க என்று விலக்குவதோ நம் கருத்தன்று. விலையுயர்ந்த வண்டியில் குறைகளைப் பணம் மூடி மறைக்கும். எளிய வண்டியிலோ பொறியாளர் எதைக் கொடுத்து எதைப் பெற்றார் என்பது வெளிப்படையாகத் தெரியும். ஆதலின் கற்பதற்கு ஏற்றது எளிய வண்டியே.

தமிழர் கண்ட குடும்ப வண்டி

மனிதரையும் சரக்கையும் ஒரே கூண்டில் ஏற்றும் வழக்கம் நமக்குப் புதிதன்று. கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணரின் வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கிறது. வண்டியின்மேல் கோழிக்கூடு இருக்கிறது. ஊறுகாய்ப் பானை கட்டித் தொங்குகிறது. கைக்குழந்தையோடு இருக்கும் தாய் எருதுகளை ஓட்டுகிறாள். வணிகமும் குடித்தனமும் ஒன்றாகவே நகர்ந்த காட்சி அது. சங்ககாலத்துக் குடும்ப வண்டி அதுவே எனலாம்.

அதே உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்றும், அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர் என்றும் புறநானூற்றில் ஔவையாரின் பாடல் ஒன்றால் அறிகிறோம். இன்று நாம் ‘ஸ்டெப்னி’ என்று வழங்கும் மாற்றுச் சக்கரத்தின் முன்னோடி இதுவாம். ட்ரைபரிலும் ஸ்டெப்னி வண்டியின் அடிப்புறத்திலேயே பொருத்தப்பெற்றுள்ளது. மேலே இடம் வேண்டுமாயின் சேமப்பொருளைக் கீழே கட்டுக என்னும் உமணரின் அறிவும் இக்காலப் பொறியாளரின் அறிவும் ஒன்றுபடுதல் காண்க.

வள்ளுவரோ வலியறிதல் அதிகாரத்தில், மயிற்பீலியே ஆயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உண்மையை உவமையாக எடுத்தாண்டார். அரசர்க்குச் சொன்ன அறிவுரை அது. ஆயினும் நம் போன்ற குடும்பத் தலைவர்க்கும் அது பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பிரெஞ்சு மரபும் இந்திய வழக்கும்

1739 முதல் 1954 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. அந்நாட்டார் நீள்கூண்டு வண்டியைப் ‘பிரேக்’ என்றும், அதில் மூன்றாம் வரிசை இருக்கையும் அமைந்ததைக் ‘குடும்பத்துக்குரியது’ என்னும் பொருளில் ‘ஃபமிலியால்’ என்றும் வழங்கினர். 1961இல் ரெனோ நிறுவனம் வெளியிட்ட ‘ரெனோ 4’ உழவரும் ஊழியரும் வாங்கத்தக்க எளிய வண்டியாக அமைந்தது. முன்சக்கர இயக்கம், தட்டையான தரை, பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவு ஆகிய மூன்றும் அதன் சிறப்புகள். 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன. ட்ரைபரின் மரபுவழியை அங்கிருந்தே தொடங்கிக் காணலாம்.

இந்தியாவில் இவ்வகை வண்டி எளிதில் வேரூன்றவில்லை. 1992இல் வந்த டாடா எஸ்டேட் டீசல் வண்டி. பின்னர் வந்த மாருதி பலேனோ ஆல்டுரா பெட்ரோல் வண்டியாயினும் விலை மிகுந்தது. டிக்கி தனியே நீண்டு நிற்பதே காருக்கு அழகு என்று நம்மவர் கருதியதும் ஒரு காரணமாகலாம். உண்மையில் நடுத்தரக் குடும்பங்களின் நிலைய வண்டியாக விளங்கியது, 1984இல் வந்து 2019இல் உற்பத்தி நின்ற மாருதி ஆம்னியே. 796 சி.சி. என்ஜினை முன்னிருக்கையின் அடியில் வைத்தமையால் அதில் இடம் மிகுந்தது. ஆயினும் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னே மோதலைத் தாங்கி நசுங்குவதற்குரிய நீளம் அதில் இல்லை. உயிர்க்காப்புக்குரிய நீளத்தை இடமாக மாற்றிக்கொண்ட வண்டி அது என்றால் மிகையாகாது. ஆம்னி விடைபெற்ற அதே ஆண்டில் ட்ரைபர் வந்தது. முன்னே என்ஜினுக்குரிய மூக்கையும் வைத்துக்கொண்டு, உள்ளே எழுவர்க்கு இடம் காண வேண்டும் என்பதே அதன் பொறியாளர்முன் நின்ற சிக்கல்.

சட்டம் வரைந்த உருவம்

வண்டியின் உருவத்தைப் பொறியாளர் மட்டுமே வரைவதில்லை, வரிச்சட்டமும் வரைகிறது. 2006ஆம் ஆண்டு மைய அரசின் வரவு செலவுத் திட்டத்தில் சிறு கார்களுக்கான உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பெற்றது. நீளம் 4000 மி.மீ.க்கு மிகாமலும், பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்கு மிகாமலும் இருப்பவை சிறு கார்கள் எனப்பட்டன. டீசலுக்கு வரம்பு 1500 சி.சி. சரக்கு சேவை வரி வந்த பின்னும் இவ்வரம்பு தொடர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல் சிறு கார்களுக்கு 18 விழுக்காடும், வரம்பைக் கடந்த கார்களுக்கு 40 விழுக்காடும் வரி விதிக்கப்பெறுகிறது.

ட்ரைபரின் நீளம் 3990 மி.மீ.; என்ஜின் 999 சி.சி. சட்டம் வகுத்த எல்லைக்கு ஒரு சாண்கூட இல்லை, பத்தே மில்லிமீட்டர் உள்ளே அது நிற்கிறது. நீளத்தை மேலும் கூட்டினால் வரி ஏறும். வரி ஏறினால் எளிய குடும்பத்தின் கைக்கு அது எட்டாது. ஆகவே எழுவரையும் 3990 மி.மீ.க்குள் அமர்த்தியே ஆகவேண்டும் என்பது முன்னரே முடிந்த முடிவு.

இடம் ஈட்டிய வகை

இதற்குப் பொறியாளர் கையாண்ட வழிகள் நான்கு. முதலாவது, சக்கரங்களை வண்டியின் இரு கோடிகளுக்கும் தள்ளியமை. முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தொலைவு 2636 மி.மீ. ஆகும். வண்டியின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இது. இருக்கைகளுக்குரிய இடம் இதனால் பெருகுகிறது.

இரண்டாவது, என்ஜினைக் குறுக்குவாட்டில் வைத்து முன்சக்கரங்களையே இயக்கியமை. பழைய அம்பாசிடரில் என்ஜின் முன்னும் இயங்கு சக்கரம் பின்னும் இருந்தமையால், இடையே நீண்ட தண்டு ஒன்று சென்றது. அதற்காகத் தரையின் நடுவே மேடு எழுந்தது. முன்சக்கர இயக்கத்தில் அத்தண்டு தேவையில்லை; தரையைத் தாழ்த்தித் தட்டையாக்கலாம்.

மூன்றாவது, பின்புறத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் முறுக்கு விட்டம். இரு புயங்களும் அவற்றை இணைக்கும் முறுகத்தக்க குறுக்கு விட்டமும் கொண்ட எளிய அமைப்பு இது. விலை குறைவு, உயரமும் குறைவு. சொகுசில் தனித்தனித் தொங்கலமைப்புக்கு இது ஈடாகாது எனினும், மூன்றாம் வரிசைக்குக் கீழே இடம் விட்டுக்கொடுக்கிறது.

நான்காவது, கூரையின் பின்பகுதியைச் சற்றே உயர்த்தியமை. மூன்றாம் வரிசையில் அமர்வோரின் தலை இடியாதிருக்கவே இது செய்யப்பெற்றது. கூரையின் இருபுறமும் ஓடும் கம்பிகள் அந்த ஏற்றத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கின்றன. அழகுக்கு வைத்தது என நாம் எண்ணுவது சில நேரங்களில் தேவையின் திரையாக அமைகிறது.

மூன்று சிலிண்டர்

வண்டியின் என்ஜினில் மூன்று சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றின் விட்டம் 71 மி.மீ.; பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 84.1 மி.மீ. இவற்றைக் கொண்டு கன அளவைக் கணக்கிட்டால் 999 சி.சி. என்னும் எண் கிடைக்கும். மாணவர்கள் தாமே பெருக்கிப் பார்க்கலாம். நான்காம் சிலிண்டரை விலக்கினால் ஒரு பிஸ்டனும், அதன் வால்வுகளும், உராய்வும், எடையும், விலையும் மிச்சமாகின்றன.

ஆனால் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. மூன்று பெண்கள் ஓர் உரலைச் சுற்றி நின்று மாறி மாறி உலக்கை போடுவதைக் கண்டிருப்போம். இடி முறையாக விழுந்தாலும் உரல் சற்றே ஆடிக்கொண்டிருக்கும். அதுபோல, கிராங்க் தண்டில் மூன்று பிஸ்டன்களும் 120 பாகை இடைவெளியில் பொருத்தப்பட்டுள்ளமையால் மேல் கீழ் விசைகள் ஒன்றையொன்று நிகர்செய்கின்றன. எனினும் அவை ஒரே கோட்டில் இல்லாமல் வரிசையாக நிற்பதால் என்ஜினின் ஒரு முனை எழும்போது மறுமுனை தாழ்கிறது. வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது இருக்கையில் உணரும் நடுக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். ரப்பர்த் தாங்கிகள் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றன.

இந்த என்ஜின் தரும் பெருந்திறன் 72 குதிரைத்திறன். அது நிமிடத்துக்கு 6250 சுழற்சியில் கிடைக்கும். திருப்புவிசை 96 நியூட்டன் மீட்டர். அது 3500 சுழற்சியில் கிடைக்கும். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இதில் இல்லை. எனவே சுமை மிகுந்தபோது கியரைக் குறைத்து என்ஜினை விரைவாகச் சுழலவிட்டாலன்றி வண்டி இழுக்காது. நம் காவிரிப் படுகை சமவெளியாதலால் மேட்டில் ஏறும் தொல்லை அரசலாற்றுப் பாலம் போன்ற இடங்களோடு முடிந்துவிடும். முந்திச் செல்லும் வேளையில்தான் குறை புலப்படும். வெற்று வண்டியின் எடை 947 கிலோ. அப்போது ஒரு டன்னுக்கு 76 குதிரைத்திறன் கிடைக்கிறது. ஆளுக்கு 65 கிலோ என எழுவர் ஏறினால் மொத்தம் 1402 கிலோ. டன்னுக்குக் கிடைப்பது 51 மட்டுமே. தனியே ஓட்டிப் பழகியவர் அதே துணிவோடு குடும்பத்துடன் செல்லும்போதும் பேருந்தை முந்த முயல்வது எத்துணைத் தவறு என்பதை இவ்வெண்களே உரைக்கும்.

இருக்கையா, பெட்டியா?

கட்டுரையின் தொடக்க வினாவுக்கு இங்கே வருகிறோம். ட்ரைபரில் எழுவர் அமர்ந்தால் டிக்கியில் எஞ்சும் இடம் 84 லிட்டர். மூன்றாம் வரிசையின் இரு இருக்கைகளையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் கிடைக்கும். அப்போது ஐவர் மட்டுமே அமரலாம். வானூர்தியில் ஏற்றும் பெரிய பெட்டிக்கு நீள, அகல, உயரங்களின் கூட்டுத்தொகை பெரும்பாலும் 158 செ.மீ. வரை இசைவளிக்கப்பெறுகிறது. 76, 50, 32 செ.மீ. கொண்ட பெட்டி ஒன்றின் கன அளவு ஏறத்தாழ 122 லிட்டர். ஆகவே எழுவர் அமர்ந்த வண்டியில் அத்தகைய பெட்டி ஒன்றுகூட அடங்காது. இக்கணக்கை நாம் முன்னரே போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

2022ஆம் ஆண்டில் குவைத்திலிருந்து வந்த நம் மச்சானை அழைத்து வரத் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றோம். அவரைக் காணும் ஆவலில் உம்மா, லாத்தா, பிள்ளைகள் என எழுவரும் புறப்பட்டுவிட்டோம். திரும்பும்போது எண்மர், பெரிய பெட்டிகள் இரண்டு. ஒன்றைக் கூரைக் கம்பிகளில் கட்டினோம். மற்றொன்றுக்காக மூன்றாம் வரிசையில் ஓர் இருக்கையை மடக்கி, அதன்மேல் பெட்டியை வைத்து, அருகே நம் இளைய மகளை அமர்த்தினோம். லாத்தாவின் மகனை மடியில் வைத்துக்கொண்டனர். வானூர்தி நிலைய வாயிலிலேயே உம்மா சொன்னார்கள்: “சாமான் நாளைக்கி பஸ்ஸுல வரட்டும் வாப்பா. புள்ளைய நசுக்காதீங்க.” நாம் கேட்கவில்லை.

கும்பகோணத்தைக் கடந்து வருகையில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வயல்வழியிலிருந்து சாலையில் ஏறியது. நாம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்றுகொண்டிருந்தோம். பிரேக்கை வழக்கமாக மிதிக்கும் அளவுக்கு மிதித்தோம். வண்டி வழக்கம்போல் நிற்கவில்லை. பின்னர் முழு வலிமையோடு மிதிக்க, டிரெய்லருக்கு ஒரு முழம் இடைவெளியில் நின்றது. மோதல் இல்லை. ஆனால் பின்னே இருந்த பெட்டி வழுக்கி மகளின் கையை முன்னிருக்கையோடு சேர்த்து நசுக்கியது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டோடு பள்ளி சென்றாள். குற்றம் வண்டியுடையதன்று, டிராக்டருடையது மட்டுமன்று, ஓட்டிய நம்முடையது.

நிறையும் நிறுத்தமும்

வண்டி ஏன் வழக்கம்போல் நிற்கவில்லை? ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் அதன் நிறைக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமையும். 947 கிலோ 1402 கிலோவானால் ஆற்றல் 48 விழுக்காடு மிகும். வேகம் 60இலிருந்து 80 ஆனாலோ ஏறத்தாழ 78 விழுக்காடு மிகும். இவ்வளவு ஆற்றலையும் முன்சக்கரத்தின் டிஸ்க்கும் பின்சக்கரத்தின் டிரம்மும் வெப்பமாக மாற்றித்தான் வண்டியை நிறுத்துகின்றன. சுமை ஏறும்போது டயரின் பிடிமானமும் வளரும் என்பது உண்மையே. ஆயினும் அதே அளவு மிதித்தால் கிடைக்கும் நிறுத்துவிசை அதே அளவுதான். நிறை மிகுந்தமையால் வேகம் மெல்லவே குறையும். தனியே ஓட்டிப் பழகிய கால், குடும்பத்தோடு செல்லும்போது பொய்யுரைக்கிறது. கூரைமேல் ஏற்றிய சுமையோ வண்டியின் புவியீர்ப்பு மையத்தை உயர்த்தி, வளைவுகளில் சாய்வை மிகுவிக்கிறது.

2021இல் குளோபல் என்கேப் அமைப்பு மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடத்திய மோதல் சோதனையில் ட்ரைபருக்குப் பெரியவர் பாதுகாப்பில் 4 விண்மீன்களும், குழந்தைகள் பாதுகாப்பில் 3 விண்மீன்களும் கிடைத்தன. அச்சோதனையில் முன்னே இரு பெரியவர் உருவப் பொம்மைகளும், பின்னே இரு குழந்தைப் பொம்மைகளும் உரிய கட்டுகளோடு வைக்கப்பெற்றன. மடியில் குழந்தையும் கட்டப்படாத பெட்டியும் வைத்த வண்டிக்கு எவரும் விண்மீன் வழங்கவில்லை.

கடற்காற்று

நம் ஊரில் மற்றொரு பகையும் உண்டு; அஃது உப்புக்காற்று. இரும்பும் ஈரமும் காற்றும் கூடினால் துரு பிறக்கும்; உப்பு அதனை விரைவுபடுத்தும். குடும்ப வண்டியில் பின்கதவின் கீழ்விளிம்பும், கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளும், ஸ்டெப்னி தொங்கும் அடிப்பகுதியும் முதலில் பாதிப்புறும். வடிகால் துளை அடைபடாமல் காத்தலும், அடிப்புறத்தை நன்னீரால் கழுவுதலும், ஸ்டெப்னியை ஆண்டுக்கு இருமுறையேனும் இறக்கிப் பார்த்தலும் போதும். சேமச் சக்கரம் துருவால் இறங்க மறுத்தால் அது சேமமாகாது.

முடிவுரை

ஆள், பெட்டி, விலை ஆகிய மூன்றையும் ஒருங்கே நிறைவு செய்யும் வண்டி நான்கு மீட்டருக்குள் இல்லை என்பதே நாம் கண்ட முடிவு. எனினும் இது பொறியாளரின் தோல்வியன்று. எழுவர் செல்க, அல்லது ஐவரும் பெட்டிகளும் செல்க என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை அவர் நம் கையில் கொடுத்திருக்கிறார். கழற்றத்தக்க அந்த இருக்கைகளின் பொருள் அதுவே. தேர்வதை விடுத்து இரண்டையும் பற்ற முனைவோர்க்கு வள்ளுவரின் வலியறிதல் ஓர் அதிகாரமாக மட்டும் நில்லாது, அனுபவமாகவும் வந்து சேரும்.

இப்போது நம் இல்லத்தில் ஒரு நெறி வகுத்துள்ளோம். திருச்சிக்கு மூவர் செல்வர், திரும்புவோர் நால்வர், மூன்றாம் வரிசை வீட்டில் இருக்கும், ஒவ்வொருவர்க்கும் இருக்கைக் கட்டு உண்டு. மற்றவர்கள் வாசலில் காத்திருந்து வரவேற்கின்றனர். உம்மா அன்று வானூர்தி நிலைய வாயிலில் சொன்ன சொல்லைப் பொறியியல் மொழியில் விரித்ததே இக்கட்டுரை எனக் கொள்க.